மாநில அரசிடம் கணக்குக் கேட்பது எப்படி: தகவல் மனு முதல் லோக் ஆயுக்தா வரை

அரசு அலுவலகத்தில் தவறு நடக்கிறது என்று தெரிந்ததும் நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு ஒரு மனுவைத் தட்டிவிடுவதுதான். அந்த மனு சென்னையிலிருந்து மாவட்டத்துக்கும் மாவட்டத்திலிருந்து துறைக்கும் இறங்கி, கடைசியில் யார் மீது புகார் சொன்னோமோ அவர் மேசைக்கே வந்துவிடுவதுண்டு. ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது’ என்று ஒரு வரிப் பதில் வரும். மனு முடித்துவைக்கப்பட்டதாகக் கணக்கு.

புகாரை எடுத்த எடுப்பில் எழுதாதீர்கள் என்பதுதான் இந்த வழிகாட்டியின் சாரம். முதலில் ஆவணத்தைக் கையில் வாங்குங்கள், பிறகு புகாரைப் பற்றி யோசியுங்கள். தமிழ்நாட்டில் அரசைக் கண்காணிக்க லோக் ஆயுக்தா (அமைச்சர்கள், அரசு ஊழியர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பு), லஞ்ச ஒழிப்புத் துறை, தகவல் ஆணையம், கணக்குத் தணிக்கை எனப் பல அமைப்புகள் இருக்கின்றன. ஆனால் உங்களுக்காக மண்ணைத் தோண்டி ஆதாரம் எடுத்துத் தர அவற்றில் எதுவும் வராது. காகிதத்தோடு வருபவரின் வழக்குதான் நகரும்.

படி 1: ஏற்கெனவே வெளியில் கிடப்பதைப் படியுங்கள்

தகவல் மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆவணம் கேட்கும் மனு, போடும் முன் செய்ய வேண்டிய வேலை இது. பெரும்பாலோர் செய்வதில்லை.

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வெளியிடும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்பது அதில் இருக்கும். இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் மாநில அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டதும் பொதுவெளிக்கு வந்துவிடும். அவற்றில் துறைவாரியாக, சில சமயம் கோட்டவாரியாகக்கூட, ஓட்டைகள் பெயரோடு குறிக்கப்பட்டிருக்கும். தேர்தலில் நின்ற ஒவ்வொருவரின் சொத்து, கடன், வழக்கு விவரமும் வேட்புமனுவோடு தந்த பிரமாணப் பத்திரத்தில் உண்டு. 2002இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் பலன் அது. ஒரே சட்டமன்ற உறுப்பினரின் இரண்டு தேர்தல் பிரமாணப் பத்திரங்களை அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.

ஒப்பந்தப் புள்ளி விவகாரம் என்றால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப் புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அறிவிப்பு எப்போது வந்தது, எத்தனை நாள் அவகாசம் தந்தார்கள், எத்தனை பேர் போட்டியிட்டார்கள், யாருக்குக் கிடைத்தது என்ற நான்கையும் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். பெரிய பணிக்குச் சில நாள் அவகாசமே தந்து, இரண்டே பேர் போட்டியிட்டு, இருவர் விலையும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றால் மேலே படிக்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(b) பிரிவு, யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் 17 வகை விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. பல அலுவலகங்களில் இந்தப் பக்கம் எந்தக் காலத்திலோ போட்டதோடு நிற்கிறது. அதுவும் உங்களுக்குப் பயன்தான். வெளியிடாததையே ஒரு குறையாக ஆணையத்தில் எழுப்பலாம்.

படி 2: கேள்வியை ஆவணமாக மாற்றுங்கள்

இந்த இடத்தில்தான் பத்து மனுக்களில் ஏழெட்டு தோற்றுப்போகின்றன என்பது என் எண்ணம். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ஊர் வழியாகப் போகும் மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலையைப் புதுப்பித்தார்கள், ஒரு மழைக்குப் பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோபத்தில் எழுதும் மனு இப்படி இருக்கும்: ‘சாலை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது? இதற்கு யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?’ இதற்குப் பொதுத் தகவல் அலுவலர் (தகவல் மனுக்களுக்குப் பதில் தர ஒவ்வொரு அலுவலகத்திலும் இருப்பவர்) இரண்டே வரியில் பதில் தருவார்: ‘ஏன் என்ற வினாக்கள் தகவல் என்ற வரையறைக்குள் வராது.’ சட்டப்படி அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. கையிலிருக்கும் பதிவைத் தருவது மட்டுமே அவர் கடமை. புதிதாக விளக்கம் எழுதித் தரும் கடமை அவருக்கு இல்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அதே விஷயத்தை ஆவணமாகக் கேளுங்கள்:

‘……… சாலையில் கி.மீ. ……… முதல் ……… வரை ……… நிதியாண்டில் மேற்கொள்ளப்பட்ட பணி தொடர்பாக: (1) தொழில்நுட்ப அனுமதி பெற்ற மதிப்பீட்டின் நகல், (2) பணி ஆணையின் நகல், (3) ஒப்பந்ததாரருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் நகல், (4) இப்பணிக்கான அளவீட்டுப் புத்தகத்தின் அனைத்துப் பக்கங்களின் நகல், (5) தரக்கட்டுப்பாட்டுச் சோதனை முடிவுகளின் நகல், (6) வழங்கப்பட்ட பட்டியல் தொகை, தேதி விவரம், (7) குறைபாடு நீக்கும் பொறுப்புக் காலம் குறித்த ஒப்பந்தப் பிரிவின் நகல் ஆகியவற்றைச் சான்றொப்பமிட்டு வழங்கவும்.’

இவற்றில் நான்காவதுதான் உயிர். அலுவலகத்தில் ‘எம்-புக்’ என்று சொல்லும் அளவீட்டுப் புத்தகத்தில் பொறியாளர் நீளம், அகலம், கனம் மூன்றையும் எழுதிக் கையொப்பம் இட்டிருப்பார். அந்த எண்களை வைத்துத்தான் பணம் போகிறது. புத்தகத்தில் கனம் 30 மில்லிமீட்டர் என்று இருந்து, சாலை ஓரத்தில் பெயர்ந்து கிடக்கும் துண்டு அதில் பாதிகூட வராவிட்டால், உங்கள் கையில் இருப்பதை இனி யாரும் வெறும் ஆத்திரம் என்று தள்ள முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. சட்டத்தின் 2(j) பிரிவு நகல் வாங்குவதோடு நிற்கவில்லை. பணியை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிடப்பட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. ஜல்லியும் தாரும் கலந்த மாதிரி வேண்டும் என்று மனுவில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். அலுவலகத்தில் நடமாட்டமே மாறும்.

கோப்புக் குறிப்புகளையும் கேட்கலாம். ஒரு முடிவு எடுக்கும்போது கீழ்நிலை அலுவலர் என்ன எழுதினார், மேலே யார் அதை வெட்டினார் என்பது அந்தப் பச்சைத் தாள்களில்தான் கிடக்கும்.

படி 3: ஆளைக் கேட்காதீர்கள், பதவியைக் கேளுங்கள்

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்திவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்தது. தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பொது நடவடிக்கையோடு தொடர்பு இருந்தால் தர வேண்டும் என்று முன்பு அந்தப் பிரிவிலேயே ஒரு பிடி இருந்தது. இப்போது ‘தனிப்பட்ட தகவல்’ என்ற ஒரே காரணம் போதும், கதவைச் சாத்திவிடலாம். சட்டத்தின் மீது நடந்த தாக்குதல்களில் இதுதான் மோசமானது என்று நினைக்கிறேன்.

ஆனாலும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது. விலக்கு அளிக்கப்பட்ட தகவலாக இருந்தாலும், வெளியிடுவதால் வரும் பொதுநலன் அதிகம் என்றால் தரலாம் என்கிறது அது. எனவே இரண்டு முன்னெச்சரிக்கை வேண்டும். ஒன்று, ‘இன்னாரின் விவரம்’ என்று கேட்காமல் ‘இந்தக் காலத்தில் இந்தப் பதவியில் இருந்த அலுவலர் ஒப்புதல் அளித்த பணிகள்’ என்று கேளுங்கள். இரண்டு, மனுவின் கடைசியில் 8(2)ஐக் குறிப்பிட்டுப் பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒரு பகுதி மட்டுமே மறைக்கத்தக்கது என்றால் அதை மறைத்து மீதியைத் தர வேண்டும் என்ற பத்தாவது பிரிவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 6(2) தெளிவாக இருக்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பில் எழுதிவிட்டு, இந்தப் பிரிவு இருப்பது தெரிந்ததும் சில நாட்களிலேயே அந்தப் பத்திகளைத் தானாக முன்வந்து நீக்கியது. அலுவலகத்தில் யாராவது பழைய செய்தித்தாள் நறுக்கைக் காட்டினால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

படி 4: அனுப்புதல்

கட்டணம் 10 ரூபாய். மாநில அரசு அலுவலகம் என்றால் மனுவிலேயே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி அனுப்புவது நம் வழக்கம். மத்திய அரசு அலுவலகத்துக்கு இது செல்லாது, அங்கே அஞ்சல் ஆணை வேண்டும். இந்தச் சின்னக் குழப்பத்தால் திரும்பி வரும் மனுக்கள் ஏராளம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று நகலை இணைத்தால் கட்டணமே கிடையாது.

பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. எனவே சேர்ப்பித்ததற்கான ஒப்புகை வசதியோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள். இணையவழியில் அனுப்பும் வசதியும் வந்திருக்கிறது. அதில் உங்கள் அலுவலகத்தின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் கவலை இல்லை. 6(3) பிரிவின்படி 5 நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை.

படி 5: நாட்களை எண்ணுங்கள்

மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களில் பதில் வர வேண்டும். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். 30 நாள் கடந்துவிட்டால் நகல் கட்டணம் இல்லாமல் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது 7(6). தாமதித்துவிட்டுப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கணக்குப் போட்டுப் பணம் கட்டச் சொல்லும் கடிதம் வந்தால், அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டி ஒரு பதில் போடுங்கள்.

இருபத்தொன்பதாம் நாள் ‘தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு தாள் வரலாம். அது பதில் இல்லை. காத்திருக்க வேண்டாம்.

படி 6: முதல் மேல்முறையீடு

பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, 30 நாட்களுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை. அவர் 30 நாட்களில், காரணம் பதிவு செய்தால் 45 நாட்களுக்குள், முடிவு சொல்ல வேண்டும்.

பல இடங்களில் இது வெறும் சடங்கு. பொதுத் தகவல் அலுவலரின் மேலதிகாரிதான் மேல்முறையீட்டு அலுவலர், இருவரும் ஒரே மாடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் தாண்டிப்போக முடியாது. இந்தப் படியை விட்டால் ஆணையம் மனுவைத் திருப்பிவிடும். நீங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் வந்தது, அது ஏன் போதாது என்று வரிசை எண்ணோடு எழுதுங்கள். தகவலை மறுத்தது சரி என்று நிரூபிக்கும் சுமை அலுவலருக்கே என்பதை 19(5) சொல்கிறது. அதை அப்படியே மேற்கோள் காட்டுங்கள்.

படி 7: மாநிலத் தகவல் ஆணையம்

அடுத்த 90 நாட்களுக்குள் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மனு, அனுப்பிய ரசீது, பதில், முதல் மேல்முறையீடு, அதற்கு வந்த ஆணை எல்லாவற்றையும் பக்க எண்ணிட்டு, மேலே ஒரு தேதிப் பட்டியல் வைத்து அனுப்புங்கள். விசாரணைக்கு அழைப்பு வர மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் வருடமும் தாண்டும்.

விசாரணை நாளில் இரண்டு விஷயம் கேட்க மறக்காதீர்கள். தாமதித்த அலுவலருக்கு 20(1) பிரிவின் கீழ் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டத்தொகை. உங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு 19(8)(b) பிரிவின் கீழ் இழப்பீடு. தண்டத்தொகை அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து போவது என்பதால்தான் அதற்கு மரியாதை. விசாரணைக்கு முதல் நாள் மாலை, தகவல் முழுவதும் அவசரமாக உங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதும் நடக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் தண்டத்தொகை கோரிக்கையைக் கைவிடாதீர்கள்.

இந்த ஆணையம் எவ்வளவு சுதந்திரமானது? தகவல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் முதலமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர் நியமிக்கும் அமைச்சர் ஆகிய மூவர் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டு ஆளும் தரப்பு. 2019 திருத்தத்துக்கு முன் ஐந்து ஆண்டாக இருந்த பதவிக்காலம் மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. ஊதியத்தை நிர்ணயிக்கும் அதிகாரமும் மத்திய அரசின் கைக்குப் போனது. 1997இலேயே நாட்டில் முதன்முதலாகத் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு (விதிவிலக்குகள் நிரம்பிய சட்டம் என்பது வேறு விஷயம்). அந்தப் பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

படி 8: ஆவணம் வந்தாயிற்று, எங்கே போவது?

மூன்று கதவுகள் உள்ளன. எது உங்களுக்கு உரியது என்பது புகாரின் தன்மையைப் பொறுத்தது.

*நேரடி லஞ்சம் என்றால்* ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம். செய்தித்தாள்களில் ‘லஞ்ச ஒழிப்புத் துறை’ என்று வருவது இதுதான். 1964இல் தொடங்கியது, மாவட்டந்தோறும் பிரிவு உண்டு. இந்த ஒன்றில் மட்டும் தகவல் மனுவுக்காகக் காத்திருக்கக் கூடாது. பட்டா மாற்றத்துக்கோ மின் இணைப்புக்கோ பணம் கேட்டால், கொடுக்கும் முன்பே போய்ச் சொல்லுங்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம்.

பொறி வைப்பது எப்படி என்றால், நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலீன் பொடியைத் தடவித் தருவார்கள். வேறு துறையைச் சேர்ந்த அரசு ஊழியர்கள் சாட்சியாக உடன் வருவார்கள். பணம் கைமாறியதும் சைகை. அலுவலரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். அதைப் புட்டியில் அடைத்து முத்திரை வைப்பார்கள். ஆனால் நிறம் மாறியது மட்டும் தண்டனைக்குப் போதாது. அவர் *கேட்டார்* என்பது நிரூபணமாக வேண்டும். எனவே பணத்தை நீட்டுவதற்கு முன் அவரையே வாய் திறந்து தொகையைச் சொல்ல விடுங்கள்.

இந்த இயக்குநரகத்தின் பலவீனம் அமைப்பிலேயே இருக்கிறது: அது மாநில அரசின் கீழ் இயங்கும் போலீஸ் பிரிவு. சாதாரண எழுத்தர் பிடிபடும் வேகத்தில் அமைச்சர் பிடிபடுவதில்லை. ஆட்சி மாறிய பிறகு முன்னாள் அமைச்சர்கள் வீடுகளில் சோதனை நடக்கும், அதுவரை கோப்பு தூங்கும். போதாக்குறைக்கு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு, அலுவல் முறையில் எடுத்த முடிவுகளை விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது. கையும் களவுமாகப் பிடிப்பதற்கு இது பொருந்தாது. 2008இல் ஓர் அரசாணை மூலம் இந்த இயக்குநரகத்தையே தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கினார்கள். ஆனாலும் ஊழல் குற்றச்சாட்டு தொடர்பான தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 24(4) பிரிவிலேயே இருக்கிறது.

*அதிகாரத் துஷ்பிரயோகம், மேல்மட்ட ஊழல் என்றால்* லோக் ஆயுக்தா. மத்திய சட்டம் 2013இலேயே ஓராண்டுக்குள் அமையுங்கள் என்றது. தமிழ்நாடு அசையவில்லை. உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகு 2018 ஜூலையில் சட்டம் நிறைவேறியது. 2019இல் ஓய்வுபெற்ற நீதிபதி பி. தேவதாஸ் முதல் தலைவரானார். தலைவரோடு நான்கு உறுப்பினர்கள். முதலமைச்சர், அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், அரசு ஊழியர்கள் எல்லோரும் வரம்புக்குள் வருவார்கள். பல்லில்லாத அமைப்பு என்ற விமர்சனம் சட்டம் வந்த அன்றே எழுந்தது, எதிர்க்கட்சி வெளிநடப்பும் செய்தது.

புகாரை உரிய படிவத்தில், பிரமாணப் பத்திரத்தோடு, உங்கள் பெயரில் தர வேண்டும். மொட்டைக் கடிதத்துக்கு இங்கே இடமில்லை. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்பதால், தெரிந்ததை ஆவணத்தோடும், ஊகத்தை ஊகம் என்றும் பிரித்து எழுதுங்கள். சம்பவம் பழையதாகிவிட்டால் காலவரம்பு குறுக்கே வரும், ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

பக்கத்து மாநிலங்களைப் பார்த்தால் இந்த அமைப்பு எதுவரை போக முடியும் என்று தெரியும். கர்நாடக லோக் ஆயுக்தாவுக்குச் சொந்தப் போலீஸ் பிரிவு உண்டு. 2011 ஜூலையில் அப்போதைய லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டே தந்த சட்டவிரோதச் சுரங்க அறிக்கைக்குப் பிறகு முதலமைச்சர் எடியூரப்பா பதவி விலகினார் (தொடர்ந்து வந்த சி.பி.ஐ. வழக்கில் 2016இல் விடுதலையானார்). அதே 2016இல் காங்கிரஸ் அரசு தனியாக ஊழல் தடுப்புப் பிரிவு ஒன்றை உருவாக்கி லோக் ஆயுக்தா போலீஸின் அதிகாரத்தைப் பறித்தது. 2022இல் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கலைத்துப் பழையபடி திருப்பித் தந்தது. கேரளத்தில் 2021இல் லோக் ஆயுக்தாவின் தீர்ப்புக்குப் பிறகு அமைச்சர் கே.டி. ஜலீல் விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டே இடதுசாரி அரசு, அந்தத் தீர்ப்புகளின் கட்டாயத் தன்மையை நீக்கச் சட்டத்தைத் திருத்தியது. கடிக்கத் தொடங்கியதும் பல்லைப் பிடுங்குவதில் கட்சி வேறுபாடு கிடையாது.

*யாரும் அசையாவிட்டால்* உயர் நீதிமன்றம். உங்கள் புகாரின் மீது குறிப்பிட்ட காலத்துக்குள் முடிவெடுக்க உத்தரவிடக் கோரி அரசியல் சட்டத்தின் 226வது பிரிவின் கீழ் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ மனு போடலாம். தேதி வரிசையில் அடுக்கிய உங்கள் காகிதக் கட்டு வழக்கறிஞரின் வேலையைப் பாதியாக்கும்.

படி 9: உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்

தகவல் கேட்டதற்காக மிரட்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நாட்டின் பல பகுதிகளில் கொல்லப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஊழலை அம்பலப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் 2014இல் நிறைவேறியது. இன்றுவரை அமலுக்குக் கொண்டுவரவில்லை. அதை நம்பிக் களத்தில் இறங்காதீர்கள்.

மணல், நிலம், பெரிய ஒப்பந்தம் போன்ற விவகாரங்களில் ஒரே மனுவை வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நான்கைந்து பேர் போடட்டும். வீட்டு முகவரிக்குப் பதில் அஞ்சல் பெட்டி எண் தரலாம். 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்றிருக்கிறது. ஆவணம் கைக்கு வந்த அன்றே ஊருக்கு வெளியே இருக்கும் இரண்டு பேருக்கு நகல் அனுப்பிவிடுங்கள். அனுப்பியது வெளியே தெரியட்டும். ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்று ஒப்பந்ததாரரின் ஆள் தேடி வந்தால் தனியாகச் சந்திக்காதீர்கள். வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதி, உள்ளூர் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனு ஏற்புச் சான்று வாங்கி, அதையும் அதே கட்டில் அடுத்த பக்க எண் போட்டுச் சேர்த்துவிடுங்கள்.